வானொலி விலக்கி வைத்த ஆர்மோனியம்: ஒரு வாத்தியம் எப்போது நம்முடையதாகிறது?

கரந்தைக்காரன்

வணக்கம் நண்பர்களே. இசையும் அடையாளமும் என்று பேச்சு வந்தால் பாட்டின் வரிகளைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். நான் ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் ஒலிக்கக் கூடாது என்று தடை வந்தது. 1971-இல்தான் அது தளர்ந்தது. அப்போதும் பக்கவாத்தியமாக வரலாம், தனிக் கச்சேரிக்கு இடமில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் போட்ட தடை, விடுதலை கிடைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலும் அப்படியே இருந்திருக்கிறது.

சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. அது அந்நிய வாத்தியம். அதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது. இரண்டாவதைப் பாட்டு தெரிந்தவர்கள் விளக்கட்டும். முதல் காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. வயலின் மட்டும் எங்கே பிறந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்ட வாத்தியம் அது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834-இல் சுவாதித் திருநாளிடம் தந்தத்தால் ஆன வயலினையே பரிசாக வாங்கினார். இன்று வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரி மேடையே இல்லை. கிளாரினெட் சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கும் மேளத்துக்குள் வந்து, பிறகு ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்ந்தது. மாண்டலின் சீனிவாசையும் சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தையும் யாரும் அந்நியம் என்று தள்ளவில்லை.

என் கருத்து இதுதான்: ஒரு வாத்தியம் நம்முடையதா இல்லையா என்பதை அது பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. ஆர்மோனியம் நாடகக்காரர்கள் கையில் இருந்தது. அதனால்தான் அதற்கு இந்த நிலை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

சுருதிசுத்தம்

மாற்றுக் கருத்து உண்டு, ஐயா. காதில் விழுவதை ஒதுக்கிவிட்டுச் சமூகத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

வயலினில் கட்டை கிடையாது, வீணையில் இருப்பது போன்ற மெட்டும் கிடையாது. விரல் போகிற இடமெல்லாம் சுரம். ஐரோப்பியர் தோளில் வைத்து வாசித்ததை நம்மவர் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள். இடது கை எதையும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை, தந்தி முழுவதும் வழுக்கிப் போகலாம். தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டிக்கொண்டார்கள். அதாவது வயலின் நம் இசைக்காக வளைந்து கொடுத்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு சுரம். அடுத்த கட்டைக்குப் போகும் வழியில் எதுவும் இல்லை. தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் சுரமே அல்ல, அது ஓர் அசைவு. அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடி இல்லை. ஆர்மோனியப் பெட்டியில் தோடி வாசிக்கிறேன் என்று யார் சொன்னாலும் அவர் தோடியின் சுரங்களைத்தான் வாசிக்கிறார்.

இன்னொரு விஷயம். பெட்டியில் ஸ்தாயியை, அதாவது ச முதல் மேல் ச வரை உள்ள தூரத்தை, பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். ஒரு பங்கு நூறு சென்ட் என்று வைத்தால் அந்தர காந்தாரம் 400-இல் விழும். தம்பூராவை நன்றாகக் கூட்டினால் அதற்குள்ளிருந்து தானாக எழும் காந்தாரமோ ஏறக்குறைய 386. பதினான்கு சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்குப் பெரிது. பஞ்சமத்தில் இரண்டு சென்ட்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களைப் பாருங்கள். இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுக்குக்கூட ஒன்று உண்டு. அவை சங்கராபரண சுரங்களில் நேராக நடப்பவை, கமகம் கேட்காதவை. பெட்டியில் அவை அழகாக வரும். எங்கே வரும், எங்கே வராது என்பதை இசையே சொல்லிவிடுகிறது. இதில் சாதியும் வர்க்கமும் எங்கே?

மதுரைக்காரி

சுருதிசுத்தம் சார், நீங்கள் சொன்ன கணக்கு சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியைத் தோடி வாசிக்கவா யாரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? நாடகத்தில் அதன் வேலை என்ன என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்றால் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. இரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் கட்டி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், அந்த ஒரு நம்பிக்கையில் விடிய விடிய நாடகம் ஓடும். இதை ஒன்றாகக் கட்டி இழுப்பவர் யார்? ஆர்மோனியக்காரர். புதிதாக வந்த நடிகருக்கு எத்தனை கட்டை சுருதி, எந்த மெட்டில் தர்க்கப் பாட்டை எடுக்கப் போகிறார், வசனத்திலிருந்து பாட்டுக்கு எப்போது தாவுவார், எல்லாம் அவர் காதுக்குள் இருக்கும். நடிகருக்கு மூச்சு வாங்கினால் பின்பாட்டு எடுத்து அடியை முடித்துக் கொடுப்பார். பக்கத்தில் மிருதங்கம், டோலக், அப்புறம் பல தாளக் கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்ட்.

பெட்டி ஏன் இந்த வேலைக்கு வந்தது என்பதற்கும் நேரான காரணம் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த பொட்டலில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும். பனியிலும் வெக்கையிலும் தந்தி இறங்கும், தோல் தளரும். பெட்டிக்குள் ஒலி எழுப்பும் உலோக நாக்கான ரீடு சட்டென்று மாறாது. அன்றிரவு வந்த ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் உடனே சுருதி மாற்றிக் கொடுக்க முடியும். இந்த மூன்றும் வேறு எந்த வாத்தியத்தில் ஒன்றாகக் கிடைக்கும்?

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடினார் என்று ஊரே பேசுகிறோம். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். அந்தப் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

டெல்லித்தமிழன்

தடையின் பின்கதை பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். இதில் வெள்ளைக்காரர் பங்கும் உண்டு.

டெல்லி நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர். 1938-இல் ஆர்மோனியத்தைச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டே கல்கத்தாவில் காலராவில் இறந்துபோனார். அவருக்கு முன்பே 1914-இல் இந்துஸ்தானி இசை பற்றிப் பெரிய நூல் எழுதிய ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸும் இதே கட்சி. இந்தியப் பக்கத்தில் தாகூர். 1940 ஜனவரியில் கல்கத்தா நிலையத்துக்கு அவர் எழுதிய கடிதம் ஆர்மோனியத்துக்கு எதிரானது. அதாவது சுதேசி உணர்வும் இந்தியக் கலையின் தூய்மையைக் காக்க நினைத்த ஐரோப்பியர் ஆர்வமும் ஒரே இடத்தில் கை கோத்தன. தூய்மையான இந்தியா எது என்ற கேள்விக்கு இரண்டு தரப்பும் கொடுத்த பதில் ஒன்றாகவே இருந்தது. எனக்கு அது கவலை தருகிற ஒற்றுமை.

ஏனென்றால் அந்தப் பெட்டியின் பிறப்பைப் பாருங்கள். 1840-களில் பாரிஸில் அலெக்சாண்டர் தெபான் உருவாக்கியது, காலால் மிதித்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைச் சுருக்கி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி, மறு கையால் கட்டை என்று ஆக்கினார். ஐரோப்பியர் இரண்டு கையாலும் பல சுரங்களை ஒன்றாக அமுக்கிய வாத்தியத்தை, ஒற்றை மெட்டு வாசிப்பதற்காக மாற்றிக்கொண்டோம். வயலினைத் தரையில் உட்கார வைத்தது நம்முடையதாக்குவது என்றால் இதுவும் அதேதான்.

வடக்கில் நடந்ததும் தெற்கில் நடந்ததும் நேர் எதிர். இந்துஸ்தானியில் பாட்டுக்குத் துணை சாரங்கி. மனிதக் குரலை அப்படியே பின்பற்றும் வாத்தியம். ஆனால் அது ஆடல் பாடலைத் தொழிலாகக் கொண்ட தவாயிப் பெண்களின் சபையோடு சேர்த்தே பார்க்கப்பட்டது. 'கௌரவமான' பாட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் சாரங்கியைத் தள்ளி ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதாவது அங்கே பெட்டிதான் மரியாதை, இங்கே பெட்டிதான் இழுக்கு. ஒலி இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? கரந்தைக்காரன் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சுருதிசுத்தம்

சாட்சி பாதிக்குத்தான் செல்லும், டெல்லி நண்பரே. தெற்கில் ஆர்மோனியம் நாடகக்காரர்கள் கையில் மட்டும் இருக்கவில்லை. கதாகாலட்சேபத்தில் பாகவதருக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. பஜனை மடங்களில் இன்றும் இருக்கிறது. அங்கே வாசித்தவர்கள் மேல்சாதிக்காரர்கள்தாம். கிட்டப்பாவும் காசி ஐயரும்கூட யார்? மடியில் வைத்தவர் யார் என்பதால்தான் இழிவு வந்தது என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்?

பாரதியாரும் தம் சங்கீதக் கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாக எதிர்த்திருக்கிறார். எளியவர்களின் கலையை அவர் வெறுத்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? கும்மியையும் நடவுப் பாட்டையும் காது கொடுத்துக் கேட்டவர் அவர். அவருடைய எதிர்ப்பு காதின் எதிர்ப்பு.

வடமராட்சியான்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். பெட்டியைத் திட்டியவர்கள் பட்டியலில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரையும் சேர்க்க வேண்டும். ஆனந்த குமாரசுவாமி, கொழும்புத் தமிழரான சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1909-ஆம் ஆண்டளவிலேயே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் இந்தியக் கலைக்கு வந்த கேடுகளாக எழுதினார். வானொலித் தடை வருவதற்கு முப்பது ஆண்டு முன்னால். அந்தக் காலத்தில் கலையைப் பற்றி எழுதிய தேசியவாதிகளிடம் அவர் எழுத்துக்குப் பெரிய மதிப்பு.

ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து கொட்டகை போட்டு ஆடின. எங்கள் ஊர்க் கூத்துக்கு மத்தளமும் தாளமும் போதும். கூத்து ஆசிரியரான அண்ணாவியார் பாட, ஆடுகிறவர் பாட, வட்டக்களரியில் விடியும். கொட்டகை வந்த பிறகு இசை நாடகம் என்று தனியாக ஒன்று வளர்ந்தது. பெட்டி இல்லாமல் அது இல்லை. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரன் மயான காண்டம் ஆடுகிறார் என்றால் ஊர் திரண்டு போகும். இன்று எங்கள் பிள்ளைகள் அதை யாழ்ப்பாணத்து மரபுக் கலை என்றே படிக்கிறார்கள். பாரிஸில் பிறந்து, கல்கத்தாவில் உரு மாறி, மதுரைப் பக்கத்து நாடகக்காரர்களோடு கப்பல் ஏறி வந்த வாத்தியம் எங்கள் மரபாகிவிட்டது. இதற்கு யாரும் சட்டம் போடவில்லை.

ஆகவே சுருதிசுத்தம் அண்ணை கேட்ட கேள்விக்கு என் பதில்: காது எதிர்த்ததும் உண்மை, சமூகம் ஒதுக்கியதும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் சேர்ந்தும் இருக்கலாம்.

மதுரைக்காரி

பஜனை மடம் பற்றிய கேள்விக்கு நானும் ஒன்று சொல்கிறேன். பாகவதர் கையில் இருந்த பெட்டிக்கும் வானொலி அதே தடையைத்தான் போட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடையால் பஜனை மடத்தில் யாருக்கும் பிழைப்பு போகவில்லை. கச்சேரிப் பாடகருக்கு வயலின்காரர் இருந்தார், அவர் கவலைப்படவில்லை. நாடகக்காரருக்குத்தான் மாற்று இல்லை. அவருடைய இசையின் முதுகெலும்பையே எடுத்து வெளியே வைத்துவிட்டு, உள்ளே வந்து பாடு என்றால் என்ன பாடுவார்?

சென்னை நிலையம் 1938-இல் தொடங்கியது, திருச்சி 1939-இல். 1940-லேயே தடை. அதாவது வானொலி என்ற புதிய மேடை நம் ஊருக்கு வந்த உடனேயே, அதில் யார் நிற்கலாம் என்ற கோடும் போடப்பட்டுவிட்டது. கோடு போட்டவர்கள் நாடகக்காரர்களை மனத்தில் வைத்துப் போட்டிருக்க வேண்டியதில்லை. அவர்கள் நினைப்பிலேயே நாடகக்காரர் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கரந்தைக்காரன்

இந்த இடத்தில் எங்கள் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைக் கொண்டுவர வேண்டும். சித்த மருத்துவர், கிறிஸ்தவர். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டவர். ஸ்தாயிக்கு 22 சுருதி (நுண்ணிய சுரப் பிரிவு) என்று வடநூல்களைக் காட்டி எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது பொருந்தாது, 24 என்று வாதாடினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டிலும் போய்ப் பேசினார். அவர் வாதத்தின் உயிர்நாடி, ஸ்தாயி சம பங்குகளாகப் பிரிகிறது, பழந்தமிழர் முறை அதுவே என்பது.

அவர் சொன்னதைத் தம்பூரா ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விவாதம். நான் கவனிப்பது இதை: சம பங்கு என்பது மேற்கின் பிழை என்று ஒரு தரப்பு ஆர்மோனியத்தைத் தள்ளுகிறது. சம பங்கு என்பதே தமிழிசையின் வேர் என்று இன்னொருவர் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதுகிறார். கணக்கு ஒன்று, அதன்மேல் ஏறும் அடையாளம் இரண்டு. இசையில் எது நம்முடையது என்று சொல்லும்போது நாம் யார் என்றும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாளையங்கோட்டை பியானோ

சின்னதாக ஒன்று. கட்டைக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பாடகர்கள் "எனக்கு ஐந்து கட்டை", "நான் ஒன்றரைக் கட்டை" என்கிறார்கள். அது பெட்டியின் கணக்குதான். வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும், இடையில் உள்ள கறுப்புக் கட்டை அரை. ஒன்றரை உண்டு, இரண்டரை உண்டு, நாலரை, ஐந்தரை, ஆறரை உண்டு. மூன்றரை கிடையாது, ஏனென்றால் மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவது வெள்ளைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. சபாவுக்குள் ஆர்மோனியத்தை விடாதவர்களும் அதன் கட்டையை எண்ணித்தான் சுருதி சொல்கிறார்கள்.

சுருதிப் பெட்டியும் அதே குடும்பம்தான், துருத்தியும் ரீடும். நாகசுரத்துக்குச் சுருதி கொடுத்த ஒத்து என்ற நீண்ட குழலை மேடையிலிருந்து இறக்கியது அந்தச் சுருதிப் பெட்டி. ஒத்து ஊதியவர்களும் கலைஞர்கள்தாம். ஆர்மோனியத்துக்காக வருந்துகிறவர்கள் அதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

டெல்லித்தமிழன்

அருமையான குறிப்பு. இதே மாதிரி இன்னொரு இழப்பு பற்றிய பேச்சு இப்போது பஞ்சாபில் நடக்கிறது. குருத்வாராவில் கீர்த்தனை என்றாலே நமக்கு ஆர்மோனியமும் தபலாவும்தான் கண்ணில் வரும். ஆனால் குரு கிரந்த் சாகிப் ராகம் ராகமாக, 31 ராகங்களில் வகுக்கப்பட்டது. பழைய கீர்த்தனைக்காரர்கள் ரபாப், தாவுஸ், தில்ரூபா போன்ற தந்தி வாத்தியங்களை வைத்திருந்தார்கள். ஆர்மோனியம் வந்து அவற்றை ஓரம் கட்டியது. 2022-இல் சீக்கியரின் உயர்ந்த மத பீடமான அகால் தக்த், பொற்கோயிலில் ஆர்மோனியத்தைப் படிப்படியாகக் குறைத்துத் தந்தி வாத்தியங்களை மீட்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும் என்று சொன்னது. சீக்கிய இசைக்காரர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. நூறு ஆண்டு வழிபாட்டில் ஒலித்ததை அந்நியம் என்பதா என்கிறார்கள் சிலர். குருமார்கள் கொடுத்த வாத்தியம் அழிய விடலாமா என்கிறார்கள் சிலர்.

இதை 1940 தடையோடு ஒன்றாக வைக்க எனக்கு மனமில்லை. ஒரு சமூகம் தன் வழிபாட்டின் ஒலியைத் தானே பேசித் தீர்மானிப்பது வேறு. அரசாங்க வானொலி ஒரு நாட்டுக்கே சேர்த்து முடிவெடுப்பது வேறு. அந்தப் பக்கம் டெல்லி நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி கேளுங்கள். அங்கேயும் பழைய தந்தி வாத்தியத்தின் இடத்தைப் பெட்டிதான் பிடித்திருக்கிறது. அந்தப் பாட்டின் வேகத்துக்கும் கூட்டுக் குரலுக்கும் அது எவ்வளவு பொருந்துகிறது!

வடமராட்சியான்

வானொலி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1952-இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானபோது சினிமாப் பாட்டுக்கும் நெருக்கடி வந்தது. அப்போது இந்திய நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957-இல் விவித் பாரதி வந்தது அதற்குப் பதில்தான். இதே போல நாடகப் பெட்டிக்கும் வேறு வாசல் திறந்தது, சினிமா. ஜி. ராமநாதன் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்து வந்தவர். எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்டது ஆர்மோனியத்தில். இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போன காலத்திலிருந்து கைவிடாத வாத்தியம் அதுதான். வானொலி வெளியே நிறுத்திய பெட்டியில்தான் நம் நூற்றாண்டின் மெட்டுகள் பிறந்தன. பிறகு அவை வானொலி வழியாகவே எல்லா வீட்டுக்கும் போயின.

சுருதிசுத்தம்

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரி அம்மா சொன்னதை யோசித்தேன். தோடி பற்றி நான் சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன். கர்நாடகக் கச்சேரியில் பாட்டுக்கு நிழலாக ஆர்மோனியம் வேண்டாம் என்றே இன்றும் சொல்வேன். இன்று கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரம் வைத்துக் கமகம் வாசிக்கும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள், அதைக் கேட்டுப் பாராட்டவும் செய்கிறேன். கட்டை இருந்தாலே இசை வராது என்பதல்ல என் கட்சி. ஆனால் ஓர் இசைக்குப் பொருந்தாத வாத்தியம் என்பதும், ஒரு நாட்டுக்குப் பொருந்தாத வாத்தியம் என்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் சொல்ல இசைக்காரனுக்கு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்லி, வள்ளி திருமணத்துக்கும் கவ்வாலிக்கும் சேர்த்து ஒரே உத்தரவாகப் போட்டதற்கு நான் வக்காலத்து வாங்க முடியாது.

ஒரு கேள்வி அம்மா. நாடக ஆர்மோனிய வாசிப்பை ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் எங்கே, எதைக் கவனிக்க வேண்டும்?

மதுரைக்காரி

சார், பங்குனி சித்திரையில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். நாடகம் பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்கிற கட்டம் வரும்வரை எழுந்து போய்விடாதீர்கள். அப்போது நடிகர்களைப் பார்க்காமல் பெட்டிக்காரரின் கையை மட்டும் பாருங்கள். கேள்விப் பாட்டு முடிவதற்குள் பதில் பாட்டுக்கான சுருதியை அவர் பிடித்திருப்பார். அதில் தோடி இருக்காது. விருத்தம் வரும்போது அவர் எங்கே கையை எடுத்துவிட்டுக் குரலைத் தனியாக விடுகிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். கமகம் வராத வாத்தியக்காரருக்கும் கமகம் எங்கே வரும் என்று தெரிந்திருக்கிறது.